தாலி மோந்து தரம் பிரித்த தெரு

கொட்டமுனையில், மீன்பிடித் துறைமுகத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே கருவாட்டுப்பேட்டை என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் கல்யாணமான பெண்களின் கழுத்தில் கிடந்த தாலிகள் எல்லாம், ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வரும் நேரத்தில், ஒன்று பாக்கியில்லாமல் வாசனை அடிக்க ஆரம்பித்தன. வாசனை என்றதும் மல்லிகை, சந்தனம் என்று மூக்கை நீட்டிக்கொண்டு வரவேண்டாம். சில தாலி மணத்தது, சில தாலி நாறியது, சில தாலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

ஏன் அடித்தது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. முந்தின நாள் சுகிர்தா மேடம் ஒரு கேள்வி கேட்டார், மறுநாள் தாலி பதில் சொன்னது, அவ்வளவுதான்.

சுகிர்தா மேடம் கோயமுத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர். புருஷன் பொண்டாட்டி உறவு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அளப்பதற்கு நாற்பது கேள்வி அடங்கிய படிவத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாக உட்கார்ந்தார். ஸ்கூல் விட்டு வந்ததும் நானும் பின்னாலேயே போனேன், அந்தச் சிரிப்பை எவள் விடுவாள். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் துணைவர் உங்களை எத்தனை முறை பாராட்டினார் என்று மேடம் வாசிப்பார், எங்கள் அம்மா ஜெயக்கொடி, துணைவர்னா யாரு, அவியளா, என்று கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். வார இறுதியில் இருவரும் தனியாக நேரம் செலவிடுகிறீர்களா என்றால், எங்க வீட்ல எட்டுப் பேரும்மா, தனியா இருக்கணும்னா கக்கூஸுக்குத்தான் போவணும் என்பாள் எதிர்வீட்டு மாரிக்கண்ணு. கடைசியில் நூற்றிப்பத்து வீட்டிலும் 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில்தான் டிக் விழுந்தது. தினமும் பாத்திரம் பறக்கிற வீடும் மிகவும் திருப்தி, பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத வீடும் மிகவும் திருப்தி.

மேடம் களைத்துப்போய், கருவாட்டு வியாபாரிகள் சங்கத்து வாசலில் ஒரு நெத்திலி மூட்டை மேல் உட்கார்ந்து, எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டார். "இந்தப் படிவம் உங்களுக்கு ஒத்துவரலை. உங்க தெருவுல ரெண்டு பேரு நல்லா வாழ்றாங்கன்னு எதை வச்சுச் சொல்வீங்க? அதைச் சொல்லுங்க, நான் அதை வச்சே அளந்துக்கிறேன்."

யோசிச்சுச் சொல்லுதோம் என்றார் சங்கத் தலைவர் சீனிப்பாண்டி அண்ணாச்சி. மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்று மேடம் சாயங்கால பஸ் ஏறினார். விடிந்ததும் தாலிகள் அடித்தன.

முதல் நாள் எல்லாரும் குளித்தார்கள். இரண்டாம் நாள் புளி போட்டுத் தேய்த்தார்கள், மூன்றாம் நாள் ஆசாரியிடம் கொண்டுபோய் உமித்தீயில் காட்டி எடுத்தார்கள், நான்காம் நாள் மாரியம்மன் கோயிலில் பாலூற்றினார்கள், ஐந்தாம் நாள் பழகிவிட்டார்கள். டெய்லர் பொண்டாட்டி தாலி மெஷின் எண்ணெய் அடித்தது. டீக்கடைக்காரி தாலி அடிப்பிடித்த பால் அடித்தது. பதினோரு வருஷமாகப் பேசாத வீட்டுத் தாலியில் பாச்சை உருண்டை, அதுவும் திறக்காத பீரோவுக்குள் கிடக்கிற பாச்சை உருண்டை. தினமும் பாத்திரம் பறக்கிற மாரிக்கண்ணு வீட்டில் மட்டும் கொய்யாப்பழம் அடித்தது, நன்றாகக் கனிந்த செங்கொய்யா, அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் பம்படியில் நிற்கிற பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

ஆறாம் நாள் அண்ணாச்சி ஒரு தீர்மானம் போட்டார். வாசனை வந்தது வந்துவிட்டது, அதை இப்படி அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி விடக்கூடாது, தரம் பிரிக்க வேண்டும். தரம் பிரிப்பதில் அவரை மிஞ்சின ஆள் அந்தக் கடற்கரையில் கிடையாது. மூட்டைக்குள் குத்தூசியை விட்டு இழுத்து, நுனியை மூக்கடியில் ஒருதரம் காட்டுவார், கண்ணை மூடுவார், ஈரம் பட்டிருக்கா, மண்ணெண்ணெய் பட்டிருக்கா, புழு வைக்கப்போகுதா என்று சொல்லிவிடுவார். அவர் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: நல்ல கருவாட்டுக்கு வாடை கிடையாது. வேறு வாடை வந்தால் அதில் ஏதோ கலந்திருக்கிறது. அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக் கல்யாணத்துக்கு வைத்தார். வாடை இல்லாத தாலி முதல் தரம். லேசான வாடை இரண்டாம் தரம். மூக்கில் ஏறுகிற வாடை மூன்றாம் தரம்.

அடுத்தவன் பொண்டாட்டி கழுத்தில் எப்படி மோப்பம் பிடிப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. அதற்கும் வழி கண்டார்கள். சங்கக் கட்டடத்துக்குள் ஒரு பனையோலைத் தட்டியை நிறுத்தி, நடுவே ஓட்டை போட்டார்கள். அந்தப் பக்கம் பெண் நின்று தாலியை ஓட்டை வழியாக விடுவாள். இந்தப் பக்கம் அண்ணாச்சி மூக்கைக் கொடுப்பார். அவர் மனைவி பாக்கியத்தாச்சி நடுவே காவலுக்கு நிற்பார். சங்கச் செயலாளரான எங்கள் அப்பா லிங்கதுரை நோட்டில் எழுதுவார். ம்ம்ம் என்று அண்ணாச்சி இழுத்தால் முதல் தரம், ம் என்று வெட்டினால் இரண்டாம் தரம், தும்மினால் மூன்று. நான் வீட்டில் அந்தத் தும்மலைத் தும்மிக் காட்டினால் அடுப்படியில் அம்மா நிஜமாகவே தன் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அதன்பிறகு தெரு வேறு தெருவாகிவிட்டது. எவன் எப்படி இருந்தாலும் மார்க் விழுந்தது பொம்பளை கழுத்தில். மூன்றாம் தரம் வாங்கினவளைத்தான் ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றச் சொன்னார்கள், புருஷன்காரன் கோயில் வாசலில் பீடி குடித்துக்கொண்டு, எனக்கு வாச்சது இப்படி என்று நிற்பான். ஆவணி முகூர்த்தத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை விட்டுவிட்டு அவள் அம்மா தாலியை மோந்துவிட்டுப் போனார்கள். கொய்யாப்பழம் மணத்த மாரிக்கண்ணுவுக்கு மூன்றாம் தரம் விழுந்தது, அவள் மாமியார் மூன்று நாள் மூக்கைச் சிந்தி அழுதாள், மாரிக்கண்ணு புருஷன் மட்டும் எனக்கு இந்த வாசம்தான் பிடிச்சிருக்கு என்று சொல்லி அதற்கும் ஒரு பாத்திரம் பறந்தது. முதல் தரம் வாங்கினவர்கள் பெயரைச் சங்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார்கள். அண்ணாச்சி வீட்டுப் பெயர் முதலில், எங்கள் அம்மா பெயர் ஆறாவதாக. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

எல்லாப் பெயருக்கும் மேலே, கொட்டை எழுத்தில், என் அக்கா சுயம்புக்கனி பெயரை எழுதினார்கள்.

கனிக்குத் தை மாதம்தான் கல்யாணம். மாப்பிள்ளை தவசிலிங்கம் இதே தெரு மேலக்கோடி, நாங்கள் கீழக்கோடி, நடந்தால் இருநூறு எட்டு. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைக்க வேண்டும் என்பதால், மேளம் இல்லாத குறையாக அந்த இருநூறு எட்டையும் நடத்தி அழைத்து வந்திருந்தோம். வந்த அன்றே, பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, நான் திரும்பிப் போகமாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அத்தான் அடிக்கிற ஆள் இல்லை. குரலை உயர்த்துகிற ஆளும் இல்லை. வெண்ணெயில் நனைத்த மாதிரி ஒரு குரல், கனி, இங்க வா, கனி, அப்படி இல்ல, கனிக்கு ஒண்ணும் தெரியாது. அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே செம்பைக் கவிழ்த்துக் கை கழுவுவார். மிச்சச் சோறு, முள், குழம்பு எல்லாம் அந்தத் தண்ணீரில் மிதக்கும். அதை அவள் பக்கம் தள்ளி, சாப்பிடு கனி என்பார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மாதம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தெரு முழுக்க எல்லாருடைய குரலும் என் தொண்டைக்குள் இருக்கிறது, அத்தான் குரலையும் ஒருநாள் எடுத்துவிட்டேன், சாப்பிடு கனி என்று. அம்மா சிரித்தாள். கனி எழுந்து கொல்லைக்கு ஓடி, வாழை மூட்டில் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். அந்தக் குரலை அதோடு விட்டேன்.

அம்மா அவளுக்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. "புருஷன் எச்சித் தட்டுல திங்காத பொம்பளை இந்தத் தெருவுல எவ இருக்கா? நான் திங்கலையா?"

"நல்ல துண்டா ஒண்ணை மிச்சம் வச்சுட்டுத் தட்டைத் தாறது வேறம்மா," என்றாள் கனி. "கை கழுவின தண்ணியில மிதக்குறதைத் தாறது வேற."

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள், களைந்த அரிசியையே திரும்பக் களைந்தாள். அப்பா, சங்கம் இருக்கு, தரம் சொல்லட்டும் என்றார். கனியைக் கூட்டிப்போனோம். தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் தாலியை ஓட்டை வழியாக விட்டாள். அண்ணாச்சி மூக்கை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார், கண்ணை மூடினார், ம்ம்ம்ம் என்று இழுத்தார், அவ்வளவு நீளமாக அவர் யாருக்கும் இழுத்ததில்லை. துளி வாடை கிடையாது, பச்சைத் தண்ணி மாதிரி சுத்தம், இதுதான் தாம்பத்தியம் என்றார். அப்பா மோந்தார், ஒன்றும் இல்லை. நான் மோந்தேன், எனக்கும் ஒன்றும் இல்லை. ஆவணி முதல் தேதி சங்க ஆண்டுவிழாவில் கனிக்கும் அத்தானுக்கும் மாலை போட்டு, எவர்சில்வர் குடம் கொடுத்து, மேடையிலிருந்தே மேலக்கோடிக்கு அனுப்பிவைப்பது என்று முடிவானது. இவ்வளவு நல்ல வாழ்க்கையை வச்சுக்கிட்டுப் பிள்ளை ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுது என்றார்கள். ஆவணிக்கு இருபது நாள் இருந்தது.

அந்த இருபது நாளில் ஒன்பதாவது நாள் சுகிர்தா மேடம் திரும்பி வந்தார். தாலி விஷயத்தைக் கேட்டு மேடம் ஆச்சரியமெல்லாம் படவில்லை, புது நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். மாரிக்கண்ணு பக்கத்தில் நின்று, ஆகா கொய்யாப்பழம், ரொம்ப நல்லாருக்கே என்று எழுதினார். பாச்சை உருண்டை வீட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதினார். எங்கள் வீட்டுக்கு வந்து, கனி மோர் கொடுக்கக் குனிந்ததும், டம்ளரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, சாக்கடையோரம் உட்கார்ந்து, காலையில் தின்ற இட்லி வரைக்கும் வெளியே தள்ளினார்.

சோடா வாங்கிக் கொடுத்து, என்ன மேடம் வாடை என்று நான் கேட்டேன்.

"கருவாடு," என்றார். "மழையில நனைஞ்சு, புழுத்து, கோணிக்குள்ளயே கிடந்த கருவாடு. உங்களுக்குத் தெரியலையா?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கருவாட்டுப்பேட்டையில் வந்து கருவாடு நாறுகிறது என்கிறாரே. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. நாங்கள் பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடக்கிறோம், எங்கள் தலையணை அது, எங்கள் ஸ்கூல் பை அது, பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும், ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. மண்ணெண்ணெய் தெரியும், பாச்சை உருண்டை தெரியும், கொய்யாப்பழம் தெரியும். கருவாடு மட்டும் எங்கள் மூக்குக்கு வெறும் காற்று. குழம்பில் கிடந்தால் அது அமிர்தம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது ஒரு பெண்ணின் கழுத்தில் என்ன செய்கிறது? முதல் தரம் என்று கரும்பலகையில் எழுதின பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், ஆறாவது பெயர் எங்கள் அம்மாவுடையது.

மேடம் சங்கத்துக்குப் போய் அண்ணாச்சியிடம் பதமாகச் சொன்னார். அண்ணாச்சியும் பதமாக, கடல் பார்க்காத உள்நாட்டு மூக்கு, வெயில் வேற, என்று அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பழகின மூக்குக்குத் தெரியாதா மேடம் என்று நான் கேட்டதற்கு, ஒரு வாரமாவது இந்தக் காற்றை விட்டு வெளியே இருந்துவிட்டு வந்தால் தெரியும் என்றார். இளநீர் குடிக்கும்போது அவர் போனை, ஸ்கூல் சிநேகிதிக்குப் பேச வேண்டும் என்று வாங்கிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் போய், அண்ணாச்சி நம்பரைப் போட்டேன்.

கருவாட்டு வியாபாரிகள் மாநில சம்மேளனத் தலைவர் செங்கல்வராயன் அய்யா ஒரே ஒருமுறைதான் எங்கள் ஊர் மேடைக்கு வந்திருக்கிறார். எனக்கு ஒருமுறை போதும். வாக்கியத்துக்கு ஒரு இருமல், இருமலுக்கு ஒரு என்னய்யா. என்னய்யா சீனிப்பாண்டி, உங்க ஊர்ல தாலிக்கே தரம் பிரிக்கிறீங்களாமே, என்று அவர் குரலிலேயே இருமினேன். அந்தப் பக்கம் அண்ணாச்சி எழுந்து நின்ற சத்தம், நாற்காலி பின்னால் விழுந்த சத்தம், இரண்டும் கேட்டது. குற்றாலத்தில் மாநில அளவில் மோப்பப் பயிற்சி, ஏழு நாள், செயலாளரையும் கூட்டிட்டு வரணும், தினம் மூணு வேளை அருவியில குளிக்கணும், மீனோ கருவாடோ வாயில வைக்கப்படாது, கொண்டுபோற துணியெல்லாம் புதுசா இருக்கணும், பயிற்சி கொடுக்குறவர் கடைசி நாள்தான் வருவாரு, அதுவரைக்கும் மூக்கை ஆறப்போடணும்யா என்றேன். உத்தரவு அய்யா, உத்தரவு என்றார் அண்ணாச்சி. நான் ஐஸ் கம்பெனிச் சுவரில் சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன், பிறகு போனைக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தேன்.

அண்ணாச்சியும் அப்பாவும் ஆடி இருபத்தைந்தாம் தேதி போனார்கள். மூன்று வேளையும் அருவிக்குக் கீழே நின்றார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள், தயிர்சாதம் தின்றார்கள், வராத ஆளுக்காகக் காத்திருந்தார்கள். ஆவணி முதல் தேதி காலையில், பந்தல் போட்டு, மைக்செட்காரன் ஹலோ ஹலோ சொல்லி, கனிக்குப் பட்டுச்சேலை கட்டி உட்காரவைத்த பிறகு, பயிற்சி கொடுக்கிற ஆளைத் திட்டிக்கொண்டே அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள்.

இறங்கினதும் அண்ணாச்சி நடையை நிறுத்தினார். யாருலே இங்க செத்துக்கிடக்கா என்று கேட்டார். நாறினது அவருடைய சொந்தக் குடோன். அப்பா துண்டை எடுத்து மூக்கைப் பொத்தினார். எதிரே நாற்பது வருஷமாகப் பார்த்த முகங்கள் கைகூப்பிக்கொண்டு வர, இரண்டு பேரும் கண்ணில் நீர் ஒழுக, எட்டி எட்டி நடந்து மேடைக்கு வந்தார்கள். பாசத்தில் அழுகிறார்கள் என்று கூட்டம் கைதட்டியது.

மேடையில் கடைசியாக ஒரு மோப்பம், எல்லாரும் பார்க்க, பிறகு குடம். ஓலைத்தட்டியை மேடைக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கனி அந்தப் பக்கம் நின்று தாலியை விட்டாள். அண்ணாச்சி மூக்கைக் கொண்டுபோனார், பாம்பைத் தொட்டவர் மாதிரி பின்னால் வந்தார். அவர் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவருக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், அவர் மனைவி பாக்கியத்தாச்சி நின்றிருந்தார், அங்கிருந்தும் அதே வாடைதான் வந்திருக்க வேண்டும், அண்ணாச்சி ஒருதரம் அந்தப் பக்கம் திரும்பினார், சட்டென்று முகத்தை எடுத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்தார். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டே, முதல் தரம் என்றார். சீ. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புழுத்த கருவாட்டைப் பற்றிச் சொல்லவில்லை, அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

தவசி அத்தான் எழுந்து, சிரித்த முகமாக, "கனி, வா. நேரமாச்சு," என்றார்.

அப்பா எழுந்தார். நான் ஒருதரம் பாக்கேன் அண்ணாச்சி என்றார். என் பிள்ளையைப் பாக்க எனக்கு என்ன தட்டி என்று பனையோலையை ஒரு தள்ளு தள்ளினார், அது விழுந்தது. மகள் கழுத்தண்டை குனிந்தார். அப்படியே மடங்கி, சிவப்புக் கம்பளத்தின் மேல், மைக்கின் காலடியில், ஏழு நாள் தின்ற தயிர்சாதத்தையும் வாந்தி எடுத்தார். தெரு முழுக்க ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, கனியின் முகத்தைப் பார்த்தார், அவள் வந்த அன்றே பார்த்திருக்க வேண்டிய பார்வை.

"பிள்ளையை அனுப்பல," என்றார்.

அண்ணாச்சி அவர் காதோரம் குனிந்து சொன்னது மைக்கிலும் விழுந்தது. "லிங்கதுரை, நாலு நாள் பொறும். பழகிரும். உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அதுக்குத்தான் அண்ணாச்சி பயப்படுதேன்," என்றார் அப்பா. "இன்னைக்கு எனக்கு நாத்தம் தெரியுது. நாலு நாள் போனா நானே இவளைக் கொண்டுபோய் விட்டுருவேன். அதனால இன்னைக்கே முடிக்கணும்."

அத்தான் அதே வெண்ணெய்க் குரலில், மாமாவுக்குப் பிரயாண அலுப்பு, கனிக்கு ஒண்ணும் தெரியாது, என்று கையை நீட்டினார். கனி தாலியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கை கழுவணும்னா குழா அந்தப் பக்கம் இருக்கு," என்றாள்.

முதலில் சிரித்தது மாரிக்கண்ணு. அவளைப் பார்த்து அவள் புருஷன். பிறகு பந்தலுக்குள் எங்கே யார் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அத்தான் அந்தத் தாலியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலக்கோடிக்கு நடந்தார். அன்று சாயங்காலமே அப்பா கனியோடு டவுனுக்குப் போய் வக்கீலைப் பார்த்து, விவாகரத்துக்கான காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்ட பிறகே திரும்பினார்.

நான்காம் நாள் மத்தியானம் அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். இப்ப எனக்கு ஒண்ணும் அடிக்கல என்றார். முகத்தில் அப்படி ஒரு பயம். சாப்பிட்டு முடித்ததும் செம்பை எடுத்தார், தட்டைப் பார்த்தார், செம்பை வைத்துவிட்டுத் தட்டோடு எழுந்து கொல்லைக் குழாய்க்குப் போய்க் கழுவினார். மேடைக்குப் பிறகு அந்த நாலு நாளும் அவர் அம்மாவிடமிருந்து இரண்டு முழம் தள்ளியே உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன் என்றால், அம்மா பார்க்காமலா இருப்பாள்.

"அன்னைக்கு என் கழுத்துல என்ன அடிச்சுது?" என்று கேட்டாள்.

அப்பா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீ ஒரு வாரம் குத்தாலம் போயிட்டு வா ஜெயக்கொடி, வந்து நீயே பாரு என்றார்.

அம்மா மாரிக்கண்ணுவிடம் சொன்னாள். மாரிக்கண்ணு எனக்கு எதுக்கு, எனக்குத்தான் கொய்யாப்பழம் என்று மூக்கை ஆட்டினாள், ஆனால் தெரு முழுக்கச் சொன்னாள். ஆவணி பதினைந்துக்கு ஒரு தனி பஸ் பிடித்தார்கள். கரும்பலகையில் பெயர் இருந்த அத்தனை பெண்களும் ஏறினார்கள். அண்ணாச்சி பஸ்ஸை மறிக்கப் போனார், முன்சீட்டில் பாக்கியத்தாச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் டிரைவருக்கு வழிகாட்டுகிறவர் மாதிரி கையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் எங்கள் தெரு ஆம்பளைகளைப் பார்க்கச் சகிக்காது. பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாகக் கொட்டித் தெருவைக் கழுவினார்கள். மூன்று வேளை சோப்பு போட்டுக் குளித்தார்கள். ஊதுபத்தி கொளுத்தினார்கள். ஏட்டி, வந்து மோந்தா அவுகளுக்கு என்ன தெரியும், எல்லாமா தெரியும், என்று என்னையே வந்து கேட்டார்கள், நான் ஒவ்வொருத்தருக்கும் அவரவர் குரலிலேயே பதில் சொன்னேன், எல்லாமே தெரியும் என்று. சிலபேர் தட்டுக் கழுவிப் பார்த்தார்கள். ஒருத்தர் வீட்டுக்குள் உட்கார்ந்து பொண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினார். கனி வாசலில் உட்கார்ந்து, ஏதோ ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் ஆம்பளைகள் எல்லாம் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நின்றார்கள், ரிசல்ட் பார்க்க வந்த பரீட்சைக்காரர்கள் மாதிரி. அப்பா முதல் ஆளாக நின்றார். பஸ் திரும்பியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, தெருக் காற்று உள்ளே போனதும் ஒவ்வொன்றாக மூடின.

முதலில் இறங்கினது அம்மா. தலைமுடியில் அருவித்தண்ணி வாசம். பின்னால் வந்தவர்கள் படியிலேயே நிற்க, அவள் ரோட்டில் நின்று, அத்தனை பேர் பார்க்க, தாலியை எடுத்துத் தன் மூக்கில் வைத்தாள். ஓங்கரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷத்தில் அம்மா அவரிடம் சொல்லாத ஒன்றைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பையை அவர் கையில் கொடுத்து, முன்னால் நடந்தாள்.

"வீட்டுக்கு வாங்க. பேசணும்."